கடலுக்குப் போன வண்டி

சொர்ணவல்லி முதன்முதலாகக் கடலைப் பார்த்தது கணவன் ஆண்டிச்சாமியின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்றைக்குத்தான். பொம்பளைகள் வரக்கூடாது என்று சொன்னவர்களிடம் பிடிவாதம் பிடித்து, திருவரங்குளத்திலிருந்து மாட்டுவண்டியில் கூடவே போனாள். ஜெகதாப்பட்டினத்தில் பனைமரங்கள் விலகி, எதிரே தண்ணீர் வானம் வரைக்கும் விரிந்து கிடந்ததைக் கண்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விம்முகிறாள் என்று நினைத்து உறவுக்காரர்கள் ஆதரவாகத் தோளைத் தொட்டார்கள்.

அந்தச் சிரிப்பு அவளை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, வெள்ளைச் சேலை கட்டி, மூலையில் உட்கார வேண்டிய நாட்களில் உட்கார்ந்திருந்தபோதும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர் வந்து நின்றது. அதோடு ஒரு வண்டியும் வந்தது. ஆண்டிச்சாமி வாங்கி விட்டுப்போன இரண்டு பஸ்களில் ஒன்று. அதில் ஊர் சனம் நிறைய உட்கார்ந்திருக்கும். வண்டி செம்மண்ணைத் தாண்டி, பொட்டலைத் தாண்டி, மணலில் ஏறிக் கடலுக்கு முன்னால் போய் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். சன்னல் வழியே எல்லோரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே அவளுக்கு விழிப்பு வந்துவிடும்.

அந்தச் சீமையில் வயலும் கண்மாயுமாக வாழ்ந்தவர்கள் கடலுக்குப் போனதெல்லாம் சாவை ஒட்டித்தான். அஸ்தி கரைக்கவும், அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடவும் போனார்கள். அப்படியும் போகாதவர்களே அதிகம்.

"யாரும் சாகாமலேயே நம்ம சனம் கடலப் பார்க்கணும் மீனம்மா. சும்மா ஒரு நாளு, சோத்தக் கட்டிக்கிட்டுப் போயி" என்று ஓரகத்தியிடம் ஒரு தடவை சொன்னாள்.

மீனம்மாள், ஆண்டிச்சாமியின் தம்பி பெண்டாட்டி. அவளுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. அவள் மகன் ரெங்கராஜ் மோட்டார் வேலை தெரிந்தவன். பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். சொர்ணவல்லிக்குப் பிள்ளை இல்லாததால் பஸ் கம்பெனி அவனுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யுத்தத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்து, இரண்டு பஸ்களும் கொட்டகையில் நின்றன. மீனம்மாள் தினமும் காலையில் அவற்றைத் துணியால் துடைத்து, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வருவாள். அவள் மகன் திரும்பி வரும்வரை அவை அப்படியே இருக்க வேண்டும்.

சொர்ணவல்லியோ தூசி படியாத அந்த வண்டிகளை அப்படி நிறுத்தி வைக்க மனம் வராமல் தவித்தாள். கம்பெனியை நடத்த ஒரு மானேஜரைத் தேடச் சொல்லி நாலு பக்கமும் சொல்லி வைத்தாள்.

அப்படி வந்தவர்தான் சவரியப்பன். ரங்கூனில் பெரிய வேலையில் இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மனைவி ஆரோக்கியம்மாளோடு மலைவழியே நடந்து கிளம்பியவர், தனியாக வந்து சேர்ந்தார். கறம்பக்குடியில் தங்கை வீட்டில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளுத்த சட்டையும் நரைத்த மீசையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றபோது, தொலைவில் எதையோ கேட்டுக்கொண்டிருப்பவரைப் போல இருந்தார்.

"ரங்கூன்ல என்ன வேலைங்க?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

"ஆத்துல லாஞ்சு விடுற கம்பெனிம்மா. எந்தப் படகு எப்பக் கெளம்பணும், எதுல எத ஏத்தணும், ஆளு வரலேன்னா யார அனுப்பணும். அதப் பார்த்தேன்."

"இங்க படகு இல்லீங்களே. பஸ்தான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நேரத்துக்குக் கெளம்பணும், போய்ச் சேரணும்."

அவள் தன் கனவைச் சொன்னாள். அதுவரை அதை முழுசாகக் கேட்டவர் யாருமில்லை. பாதியில் சிரிப்பார்கள், அல்லது பேச்சை மாற்றுவார்கள். சவரியப்பன் கடைசிவரை கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குக் கனவெல்லாம் வாரதில்லம்மா. அந்த மலையத் தாண்டி வந்ததுலேர்ந்து ஒண்ணுகூட வரல. ஒங்களுக்கு வேற ஆளு தோதா இருக்கும்" என்றார்.

"கனவு எங்கிட்ட நெறையக் கெடக்குதுங்க. அதுக்கு ஆள் வேணாம். வண்டி ஓட்டி வைக்கத்தான் ஆள் வேணும்."

தூணுக்குப் பின்னால் நின்ற மீனம்மாள் குரல் கொடுத்தாள். "எம்மகன் வார வரைக்குந்தான். அத மொதல்லயே சொல்லிருங்கக்கா."

"சொல்லிட்டது நல்லதாப் போச்சும்மா" என்றார் சவரியப்பன். "அவரு வந்த அன்னிக்கே சாவியக் குடுத்துருவேன். அதுவரைக்கும் நான் சொல்றபடி வண்டி போகணும். அது ஒண்ணுதான் கேக்குறேன்."

ஒரு வண்டியை மட்டும் எடுத்துக்கொள்ள மீனம்மாள் சம்மதித்தாள். இன்னொன்று தார்ப்பாய்க்குள்ளேயே இருந்தது.

பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் ஓடுகிற ஏற்பாடு அப்போது எல்லாப் பக்கமும் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியைப் போட்டு மூட்டி, பக்கத்திலிருந்த காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊதி ஊதிக் கங்கு பிடித்த பிறகு, அந்தப் புகையின் பலத்தில் இன்ஜின் உயிர் பெறும். சவரியப்பன் திருச்சிக்குப் போய் அந்த உருளையைப் பொருத்திக்கொண்டு வந்தார். டிரைவர் பிச்சை முதல் நாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மானேஜருங்களே, இது பஸ்ஸா இட்டிலி கொப்பரையா?" என்று கேட்டான்.

விடிகாலையில் கொட்டகையிலிருந்து எழும் கரிப்புகை ஊரின் மேல் மெல்லப் படரும். பனியா புகையா என்று தெரியாத அந்தச் சாம்பல் நிறத்துக்குள் கோயில் கோபுரம் பாதி மிதக்கும். வண்டி இருமி, முனகி, கடைசியில் சீராக உறுமத் தொடங்கும்போது சொர்ணவல்லி கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பாள். இன்றைக்குக் கடலுக்குத்தான் போகிறது என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வாள்.

ஆனால் வண்டி கடலுக்குப் போகவில்லை. கறம்பக்குடிக்குப் போயிற்று. சந்தைக்குப் போகிற மிளகாய் மூட்டைகளையும் வாழைத்தார்களையும் கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பியது. மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பள்ளத்தில் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். வண்டி வந்தால் பிழைப்புப் போய்விடும் என்று மறித்த மாட்டுவண்டிக்காரர்களிடம் சவரியப்பன் சாலையிலேயே உட்கார்ந்து பேசினார். காட்டிலிருந்து கரியைக் கொண்டுவந்து வழியெல்லாம் இறக்கி வைக்கிற வேலையை அவர்களுக்கே கொடுத்தார். மறித்தவர்களே பிறகு வண்டி வரும் நேரம் பார்த்துக் கரிக்கூடையோடு நின்றார்கள்.

மழைக்காலம் வந்து போயிற்று. கறம்பக்குடி வண்டி நேரம் தவறாமல் ஓடியது. ஊர் அவரைப் புகழ்ந்தது. சொர்ணவல்லிக்கு மட்டும் உள்ளுக்குள் என்னவோ வற்றிக்கொண்டே வந்தது. ஒரு நாள் மத்தியானம் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"நான் ஒங்களக் கடலுக்குன்னு கூப்பிட்டேன். நீங்க அதச் சந்தை ஆக்கிட்டீங்க."

சவரியப்பன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். "ஆமாம்மா. சந்தைக்கு நேரத்துக்குப் போகத் தெரியாத வண்டி கடலுக்கு எப்புடிப் போகும்? வழியில படுத்துருச்சுன்னா சனம் மறுபடி ஏறாது. கனவு ஒரு தடவ கெட்டுப்போனா அதோட போச்சு."

"மறந்துட்டீங்கன்னு நெனைச்சேன்."

"எனக்குன்னு மறக்க ஒண்ணுமில்லம்மா. ஒங்களோடத எப்படி மறப்பேன்?"

கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியே வெயில் ஒரு கம்பு மாதிரி இறங்கி இருவருக்கும் நடுவில் நின்றது. அதில் கரித்தூள் மினுங்கிச் சுழன்றது. சொர்ணவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் சவரியப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். ஆலங்குடி தாண்டி, அறந்தாங்கிக்கு முன்னால் ராஜா ஆளுகிற சமஸ்தானத்து எல்லை முடிந்து வெள்ளைக்காரன் சீமை தொடங்கும். அங்கிட்டு ஓட்டத் தனி அனுமதி வேண்டும். அதைக் கொடுக்கிற ஆபீஸ் வராந்தாவிலேயே பல நாள் உட்கார்ந்தார். "கடலப் பார்க்கவா? அதுக்கு ஒரு பஸ்ஸா?" என்று குமாஸ்தா சிரித்தார். அவர் சிரித்து ஓய்ந்ததும், திரும்பி வரும்போது மீன் வரும் என்றார் சவரியப்பன். அதை எழுதிக்கொண்டு அனுமதி கொடுத்தார்கள்.

மீனுக்கு ராசாத்தி பொறுப்பு. ஜெகதாப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிற பெண். குரல் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஊருக்கு வெளியே சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் சவரியப்பன் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தடுமாறியதைப் பார்த்து, "எங்கிட்டுங்க போறீங்க, சைக்கிளச் சொமந்துக்கிட்டு?" என்று கேட்டவள் அவள்தான்.

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"இம்புட்டுத் தூரம் வந்து இதப் போயா பார்க்கணும்?" என்று ராசாத்தி கடல் இருக்கும் திசையை அலட்சியமாகக் காட்டினாள். பிறகு யோசித்தாள். "எங்கூடைகள ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"

"மேல ஏத்திக்கிடலாம். உள்ள கூடாது. வாடைக்குச் சனம் சண்டைக்கு வரும்."

"அப்பச் சரி. வண்டிய நான் மணல்ல ஏத்தி விடுறேன். பன ஓலையும் மட்டையும் விரிச்சுப் போட்டா எங்க படகே ஏறும். ஒங்க பஸ் ஏறாதா?"

கடல் அந்த மணல்மேட்டுக்கு அப்பால்தான் இருந்தது. இரைச்சல் கேட்டது. சவரியப்பன் மேடேறிப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ரங்கூனுக்கு முதல் தடவை கப்பலில் போனபோது ஆரோக்கியம் மேல்தட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான்.

மாசி மாதம், நிலக்கடலை பிடுங்கி முடிந்த சமயம். அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. சொர்ணவல்லிதான் நாளைச் சொன்னாள். எந்தக் காரியமும் இல்லாத ஒரு வெறும் நாளாக அது இருக்க வேண்டும் என்றாள். ஊரில் முதலில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. சாவில்லாமல் கடலுக்குப் போவது அபசகுனம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஆனால் கறம்பக்குடி வண்டியில் போய் வந்து பழகியவர்கள், மானேஜர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் இடம் போதவில்லை. சொர்ணவல்லிக்குத் துணையாக மீனம்மாளும் வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

வண்டி கிளம்பியபோது விடியலின் நிறம் இன்னும் முழுசாக வரவில்லை. புளியமரங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து கழன்று பின்னால் போயின. புளியோதரை மணமும் கரிப்புகையும் சேர்ந்து வண்டிக்குள் ஒரு தூக்கமாகப் பரவியது. சொர்ணவல்லி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பல வருஷமாக மூடிய கண்ணுக்குள் போன பாதை இப்போது திறந்த கண்ணுக்கு எதிரே போவதால், எது எதுவென்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்தக் கண்மாயில் நிற்கும் கொக்கு கனவிலும் நின்றதா? இந்த வெள்ளாடு? இந்த ஒற்றைப் பனை?

அறந்தாங்கியில் கரி மாற்றினார்கள். பிறகு மரங்கள் குறைந்தன. நிலம் வெளுத்தது. காற்றில் ஈரமாக ஒரு புது வாசனை வந்தது. வயசான விவசாயி ஒருவர் மூக்கை உறிஞ்சி, "எங்கயோ உப்பு காய்ச்சுறாங்க" என்றார்.

மணல் தொடங்கும் இடத்தில் ராசாத்தியும் பத்துப் பதினைந்து பெண்களும் ஓலை விரித்துக் காத்திருந்தார்கள். பிச்சை வண்டியை அதன் மேல் விட்டான். பாதி தூரம் ஏறியது. அங்கே ஓலை நழுவி, பின்சக்கரம் மணலில் சுற்றி, அச்சுவரை புதைந்து நின்றது. இன்ஜின் இரண்டு தரம் விக்கி அடங்கியது.

எதிரே மேடு. அதற்கு அப்பால் இரைச்சல் மட்டும்.

சனம் இறங்கிவிட்டது. சவரியப்பன் சன்னலருகே வந்தார். "அம்மா, எறங்கிட்டீங்கன்னா பத்து எட்டு வச்சாக் கடல். நடந்தே போயிரலாம்."

"இல்லைங்க" என்றாள் சொர்ணவல்லி. குரல் கெஞ்சலாக இருந்தது. "வண்டி போகணும்."

அவர் அவளைப் பார்த்தார். புதைந்த சக்கரத்தைப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் அங்கே நிறுத்திவிடுவதுதான் சரி. வந்த வேலை முடிந்தது, எல்லோரும் கடலைப் பார்க்கப் போகிறார்கள். ரங்கூன் லாஞ்சுக் கம்பெனியில் இருந்த சவரியப்பன் அதைத்தான் செய்திருப்பார். "நீங்க எறங்க வேணாம்மா. அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் முட்டி போட்டுக் கையாலேயே சக்கரத்தைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார்.

எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீனம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, வண்டியின் முதுகில் கையை ஊன்றி, "என்ன வேடிக்கை? வாங்கப்பா! இது எம்மகன் வண்டி, மணல்லயா கெடக்கும்?" என்று கத்தினாள். அப்புறம் கூட்டம் வந்தது. ராசாத்தியின் ஆட்கள் படகு தள்ளுகிற பாட்டை எடுத்தார்கள். பிச்சை காற்றுச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, மறுபடி உயிர் கொடுத்தான். வண்டி அசைந்தது. ஓலை மேல் ஏறியது. ஒரு கிழட்டு எருமை கரையேறுவதுபோல மூச்சிரைத்துக்கொண்டு மேட்டின் உச்சிக்கு வந்து, மூக்கைக் கடலுக்கு நேராக நீட்டி நின்றது.

சொர்ணவல்லி சன்னலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

கூட்டம் சத்தமில்லாமல் இறங்கி நடந்து, அலைக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உப்பு காய்ச்சுறாங்க என்ற பெரியவர் மட்டும் போய் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இம்புட்டுத் தண்ணி கெடந்து என்ன, ஒரு வயலுக்கு ஆகலையே!" என்றார். அவருக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. ஒரு அலை வந்து எல்லோர் காலையும் நனைத்துவிட்டுப் போனதும், பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் யார் சிறியவர் யார் என்று தெரியாமல் போயிற்று.

சவரியப்பன் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் மணலும் கீறலும். எல்லோரும் சிரிக்கிற அந்த இடத்தில் அவருக்குக் கண்ணீர் வந்தது. அது நிற்கவே இல்லை. மலையில் ஆரோக்கியத்தை இலையும் மண்ணும் போட்டு மூடிவிட்டு நடந்தபோது அழ நேரம் இருக்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இங்கே யாரும் நெருக்கவில்லை. சொர்ணவல்லி சன்னலிலிருந்து அவரைப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியான வெயிலில், சக்கரத்தின் நிழலில் படுத்து அவர் தூங்கிப்போனார். அந்தத் தூக்கத்தில் கனவு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது கூரைமேல் ராசாத்தியின் கருவாட்டுக் கூடைகள் இருந்தன. வாடைக்குச் சண்டை பிடிக்க யாரும் விழித்திருக்கவில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் இரண்டாவது வண்டியின் தார்ப்பாய் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மீனம்மாள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதையும் எடுத்துக்கங்க. நின்னே துருப்பிடிச்ச வண்டிய வச்சு எம்பிள்ளை என்ன செய்வான்?" என்றாள்.

அதன்பிறகு ஒரு வண்டி சந்தைக்கும் ஒரு வண்டி கடலுக்குமாக ஓடியது. வாரம் ஒருமுறை என்று ஆரம்பித்தது, பிறகு அடிக்கடி ஆயிற்று. உள்நாட்டு ஊர்களுக்கு மீன் வந்தது. கடற்கரைக்குக் கறம்பக்குடி வாழைப்பழமும் வெல்லமும் போயின. ராசாத்தி தன் மகளுக்கு ஆலங்குடிப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தாள்.

யுத்தம் முடிந்து ரெங்கராஜ் வந்து சேர்ந்தான். கறுத்து, மெலிந்து, பேச்சில் வேகம் கூடி வந்தான். சவரியப்பன் சொன்னபடியே அன்றைக்கே சாவிகளை அவன் கையில் வைத்தார்.

"நீங்க இருங்க சார்" என்றான் ரெங்கராஜ். அவன் நல்ல பிள்ளை. மனசாரத்தான் கேட்டான். "எனக்கு ஓட்டத் தெரியும். இதெல்லாம் தெரியாது."

"நான் இருந்தா ஒங்களுக்குத் தெரியாமலேயே போயிரும் தம்பி. எல்லாத்துக்கும் எம்முகத்தப் பார்ப்பீங்க. பிச்சையும் என்னத்தான் பார்ப்பான். நீங்க நாலு தப்புப் பண்ணணும். நான் பக்கத்துல இருந்தா விடமாட்டேன்."

சொர்ணவல்லி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரெங்கராஜ் போனபிறகு, "எங்கிட்டுப் போவீங்க?" என்றாள்.

"கறம்பக்குடியில இன்னாசின்னு ஒருத்தரும்மா. டெண்ட் கொட்டகை போட்டு சினிமா காட்டணும்ங்கிறார். மெஷின் எங்க வாங்குறதுன்னுகூடத் தெரியல. ஆனா கண்ண மூடிக்கிட்டுச் சொல்றாரு, தெரையில என்னென்ன தெரியும்னு."

"ஒங்களுக்கு இப்படி ஆளுகளாத்தான் கெடைக்குது."

"கெடைக்கட்டும்மா."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது என்னவென்று அவளுக்கே தெளிவாக இல்லை. ஊரும் காலமும் அதைத் தெளிவாக்கிக்கொள்ள இடம் தரவில்லை. "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கொஞ்ச மாதம் கழித்து, கறம்பக்குடிச் சந்தைக்குப் பின்னால் சவரியப்பன் கூடாரத்துக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். இன்னாசி ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெள்ளித்திரையில் மழை பெய்தால் பார்க்கிறவன் நனைந்த மாதிரி நடுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கி, தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பெட்ரோல் வண்டி. சத்தம் புதிதாக இருந்தது. அது போய்த் திரும்பும் முனையில் மறைந்த பிறகுதான், அது தங்கள் வண்டி என்பதும், வர வேண்டிய நேரத்துக்கு வெகுநேரம் கழித்து வந்திருக்கிறது என்பதும் அவருக்கு உறைத்தது. கையிலிருந்த கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சாலைப் பக்கம் ரெண்டு எட்டு வைத்தார். நின்றார். பின்னாலிருந்து இன்னாசி, "என்னங்க, கம்பு சாயுது!" என்று கூப்பிட்டார்.

"வாரேன்" என்று திரும்பி வந்து, கம்பை நிமிர்த்திப் பிடித்தார் சவரியப்பன். "ம், சொல்லுங்க. மழை பெய்யுது. அப்புறம்?"